ஹாலோவீன் என்ற சொல்லுக்குள் பேய் இல்லை

ஒவ்வோர் அக்டோபர் கடைசியிலும் 'பேய்த் திருவிழா', 'பேய்கள் தினம்' என்ற தலைப்புகள் தமிழில் வர ஆரம்பித்துவிடும். மேற்கு நாடுகளில் அக்டோபர் 31 இரவு கொண்டாடும் ஹாலோவீனுக்கு வைத்த தமிழ்ப்பெயர் அது. எலும்புக்கூடு, சூனியக்காரி, வௌவால், ரத்தம் வழியும் முகமூடி என்று அன்றைக்குக் கண்ணில் படுவதை வைத்துப் பெயர் சூட்டினால் அப்படித்தான் வரும். ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதில் பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. அங்கே இருப்பவர்கள் புனிதர்கள். அந்த நாளின் பெயரையே தலைகீழாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முழுப்பெயர் ஆல் ஹாலோஸ் ஈவன். 'ஹாலோ' என்றால் புனிதர், பழைய ஆங்கிலத்தில் 'ஹால்கா' என்று இருந்தது, புனிதமான என்ற பொருளில் இன்றும் புழங்கும் 'ஹோலி' (holy) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நெருங்கிய உறவு. 'ஈவன்' என்பது சாயங்காலம், குறிப்பாக ஒரு திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், கிறிஸ்துமஸ் ஈவ் என்கிறார்களே அதே ஈவ்தான். ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சில் நடுவில் வரும் வகர ஒலியை விழுங்கி 'ஈன்' என்பார்கள். 'ஹாலோ-ஈன்' என்ற வடிவம் அப்படி வந்து 18ஆம் நூற்றாண்டில் அச்சிலும் ஏறியது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் இதே தலைப்பில் ஒரு நீண்ட கவிதை எழுதினார், அந்த இரவின் கிராமத்து வழக்கங்கள் பற்றி இன்றுவரை எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான். மறுநாள் நவம்பர் 1க்கு ஆங்கிலத்தில் ஹாலோமஸ் என்று ஒரு பழைய பெயர் உண்டு. கிறிஸ்துமஸில் வரும் அதே 'மஸ்', திருப்பலி என்று பொருள்.

பூசணிக்காயைக் குடைந்து உள்ளே காலியாக்குவதால் இந்தப் பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. வெற்றிடம் என்று பொருள்படும் ஆங்கில 'ஹாலோ' (hollow) வேறு, இந்த 'ஹாலோ' (hallow) வேறு. பூசணி இந்தக் கதைக்குள் நுழைந்ததே பல நூற்றாண்டு கழித்துத்தான்.

சரி, 'ஹாலோ'வுக்குத் தமிழ் என்ன? இதற்குப் புதிதாகச் சொல் உருவாக்க வேண்டியதே இல்லை, நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பழைய கத்தோலிக்கச் செபப் புத்தகங்களில் புனிதரை 'அர்ச்சியசிஷ்டர்' என்று எழுதுவார்கள், 'அர்ச். அந்தோனியார்' என்று சுருக்கியும் போடுவார்கள். அதே புத்தகங்களில் பரலோக மந்திரத்தை, அதாவது இயேசு கற்பித்த செபத்தைப் பாருங்கள், 'உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக' என்று இருக்கும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்கும் வினைச்சொல் 'ஹாலோ'தான்! ஆங்கிலத்தில் செபத்தின் வினையும் புனிதரின் பெயரும் ஒரே வேரிலிருந்து வருகிற மாதிரி, பழைய தமிழ்ச் செபத்திலும் அர்ச்சி என்ற ஒரே வேரிலிருந்து இரண்டும் வந்திருக்கின்றன. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு 'பேய்த் திருவிழா' என்று எழுதுவது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிறது. இன்றைக்கு அர்ச்சியசிஷ்டர் வழக்கொழிந்து 'புனிதர்' வந்துவிட்டது, நவம்பர் 1 தமிழ்க் கத்தோலிக்கருக்கு 'அனைத்துப் புனிதர் பெருவிழா'. அப்புறம் நவம்பர் 2, அது எல்லோருக்கும் தெரிந்த நாள், கல்லறைத் திருநாள். கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் கல்லறைகளைக் கழுவி, பூமாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக் குடும்பத்தோடு நின்று செபிக்கிறார்களே, அதற்கும் ஹாலோவீனுக்கும் இடையே ஒரே ஒரு நாள்தான். மூன்றும் சேர்ந்து ஒரே வரிசை.

ஒரு திருநாளின் முந்தின இரவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். திருச்சபைக் கணக்கில் பெரிய திருநாள்கள் முந்தின நாள் பொழுது சாயும்போதே தொடங்கிவிடும், பழைய ஐரோப்பியக் கெல்ட் மக்களும் ஒரு நாளின் கணக்கை இரவிலிருந்தே தொடங்கினார்கள். பொங்கலுக்கு முந்தின நாளான போகிக்குத் தனிப்பெயரும் தனிச்சடங்கும் இருப்பதுபோல இந்த இரவும் தனியாக வளர்ந்துவிட்டது. சாப்பாட்டில்கூட அதன் தடம் தெரியும். புனிதர் திருநாளுக்கு முந்தின நாள் கத்தோலிக்கருக்கு முன்பெல்லாம் ஒருசந்தியும் சுத்தபோசனமும், அதாவது உண்ணாநோன்பும் இறைச்சி விலக்கும் இருந்தன. அயர்லாந்தின் ஹாலோவீன் சாப்பாட்டைப் பாருங்கள், மசித்த உருளைக்கிழங்கில் முட்டைக்கோஸோ கீரையோ வெண்ணெயோடு கலந்த கோல்கேனன், ஆப்பிள், கொட்டை வகைகள், உலர்திராட்சை போட்ட பார்ம்ப்ராக் ரொட்டி. கறி இல்லை. 1955இல் ரோம் அந்தத் திருவிழிப்பை, அதாவது திருநாளுக்கு முந்தின நாள் வழிபாட்டை, திருவழிபாட்டுக் காலண்டரிலிருந்தே எடுத்துவிட்டது, சமையல் மட்டும் தங்கிவிட்டது.

தேதி விஷயத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கதை ஒன்று இருக்கிறது: அயர்லாந்தில் 'சம்ஹைன்' என்ற மரண தெய்வத்துக்கு விழா எடுத்தார்கள், அதை அழிக்கத்தான் போப் புனிதர் திருநாளை அதே தேதியில் வைத்தார் என்று. இதில் பாதிக்கு மேல் நிற்காது. முதலில் உச்சரிப்பு, ஐரிஷில் அது சௌவின். அது எந்தத் தெய்வத்தின் பெயரும் இல்லை, ஒரு பருவத்தின் பெயர். இன்றைய ஐரிஷில் நவம்பர் மாதத்துக்கே அதுதான் பெயர். 'கோடை முடிவு' என்று பழைய ஐரிஷ் நூல்களே பிரித்துப் பொருள் சொல்கின்றன. மரண தெய்வம் என்ற கதையை 18ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தவர் சார்லஸ் வாலன்சி என்ற ஆங்கில ராணுவப் பொறியாளர், அவருடைய சொல்லாராய்ச்சியை ஐரிஷ் மொழி தெரிந்தவர்கள் எவரும் ஏற்பதில்லை. ஆனாலும் இன்றைக்கு இணையத்தில் பாதிக் கட்டுரைகள் அதையே சொல்கின்றன.

அடுத்தது தேதி. ரோமில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போப் நான்காம் போனிஃபாஸ் பாந்தியன் கோயிலை மரியாளுக்கும், விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தது மே 13 அன்று. 8ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் கிரகோரி புனித பேதுரு பேராலயத்தில் புனிதர்களுக்கு ஒரு சிற்றாலயம் அமைத்தார். 800 வாக்கில் இங்கிலாந்திலும் ஜெர்மானியப் பகுதிகளிலும் நவம்பர் 1இல் கொண்டாடத் தொடங்கியிருந்தார்கள், 835இல் ஃபிராங்கியப் பேரரசர் லூயி தன் ஆட்சிப்பரப்பு முழுக்க அதை நிலைநாட்டினார். அதே காலத்து அயர்லாந்தின் புனிதர் பட்டியல்களில் இந்தத் திருநாள் எந்தத் தேதியில் இருந்தது தெரியுமா? ஏப்ரல் 20. சௌவினை அமுக்குவதற்காக நவம்பர் 1 என்றால், அதை முதலில் செய்திருக்க வேண்டிய ஐரிஷ் திருச்சபையே வேறு தேதியில் கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறது. இதை வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் பல காலமாகச் சொல்லிவருகிறார். நவம்பர் 2, இறந்த எல்லோருக்குமான நாளாக ஆனது அப்புறம்தான், 1000ஐ ஒட்டி பிரான்சின் க்ளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ தொடங்கிவைத்தது.

இப்படிச் சொல்வதால் சௌவினுக்கும் இந்த இரவுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. ஐரிஷ் பேசுகிறவர்கள் ஹாலோவீனை இன்றும் 'ஈஹ ஹௌனா' என்றுதான் சொல்கிறார்கள், 'ஈஹ' என்றால் இரவு, பின்னால் வருவது சௌவின் வேற்றுமை ஏற்று மாறிய வடிவம். கோடை மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து மாடுகளை இறக்கி, குளிர்காலத்துக்குத் தீனி போட்டுத் தாங்க முடியாதவற்றை அறுத்துவிடும் பருவம் அது. பழைய கதைகளில் அந்த இரவில் மண்மேடுகள் திறந்துகொள்ளும், உள்ளே வாழும் அமானுஷ்யர்கள் வெளியே வருவார்கள். ஒரு கதையில் அய்லென் என்பவன் ஒவ்வொரு சௌவினுக்கும் தாரா என்ற அரச மலைக்கு வந்து யாழ் மீட்டுவான், கேட்கிறவர்கள் அத்தனை பேரும் உறங்கிப்போவார்கள், அவன் வாயிலிருந்து நெருப்பை ஊதி மாளிகையைக் கொளுத்திவிட்டுப் போவான். ஃபின் என்ற இளைஞன் ஈட்டி முனையைத் தன் நெற்றியில் அழுத்திவைத்துக்கொண்டு உறங்காமல் காத்திருந்து அவனைக் கொல்கிறான். இங்கே வெளியே வருகிறவர்கள் செத்தவர்களின் ஆவிகள் இல்லை, மண்மேட்டுக்குள் குடியிருக்கும் வேறோர் இனம். இறந்தவர்களை இந்த நாள்களோடு இறுக்கிக் கட்டியது நவம்பர் 2தான்.

முகமூடியும் வீடு வீடாகப் போவதும் எங்கிருந்து வந்தன? இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகளும் பிள்ளைகளும் இந்த நாள்களில் வாசல் வாசலாகப் போய் 'ஆத்தும ரொட்டி' வாங்குவார்கள், மசாலா போட்ட சின்ன வட்டமான ரொட்டி, பதிலுக்கு அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபிப்பார்கள். நம் பழைய ஞானோபதேசத்தில் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று ஒரு சொல் வரும், மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமாக்கள் பாவம் தீர்க்கும் இடம், அங்கே காத்திருக்கும் ஆத்துமாக்களுக்கான செபம் அது. சீர்திருத்த சபைகள் அந்தப் போதனையையே தள்ளிவிட்டன, வழக்கம் மட்டும் செஷயர், ஷ்ரோப்ஷயர் பக்கம் 19ஆம் நூற்றாண்டைத் தாண்டியும் நின்றது. ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் வேஷம் கட்டிப் போவார்கள், ஆனால் கதவைத் தட்டினால் மட்டும் போதாது, ஒரு பாட்டோ செய்யுளோ சொல்லிக் காட்டினால்தான் கையில் ஏதாவது விழும்.

வீட்டுக்குள்ளோ இந்த இரவு கல்யாணப் பேச்சாகவே இருந்தது. பர்ன்ஸ் கவிதையில் வருகிற வழக்கம்: இரண்டு கொட்டைகளுக்கு ஒரு பெண்ணின் பெயரும் ஒரு பையனின் பெயரும் வைத்து அடுப்புக் கனலில் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள், இரண்டும் அமைதியாகச் சேர்ந்து எரிந்தால் நல்ல ஜோடி, ஒன்று வெடித்துத் துள்ளி ஓடினால் அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் கோஸ் தண்டு பிடுங்குவார்கள், தண்டு நேராக இருந்தால் வரப்போகிறவர் நல்ல உயரம், வேரில் மண் ஒட்டியிருந்தால் பணம் வரும். பார்ம்ப்ராக் ரொட்டிக்குள் மோதிரம், காசு, துணிக்கந்தல் வைத்துச் சுடுவார்கள். மோதிரம் கிடைத்தவருக்கு அந்த வருஷம் கல்யாணம். அயர்லாந்துக் கடைகளில் இன்றும் மோதிரம் வைத்த பார்ம்ப்ராக் விற்கிறது.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஐரிஷ் மக்கள் நாட்டை விட்டுப் போனார்கள், பெரும்பாலோர் வட அமெரிக்காவுக்கு. ஹாலோவீன் அங்கே பரவியதில் அவர்களுக்கும் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும்தான் பெரிய பங்கு. ஊரில் அவர்கள் விளக்குக்குக் குடைந்தது டர்னிப் கிழங்கை. மேயோ மாவட்டத்தில் இருக்கும் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகக் கிளையில் டோனிகாலின் ஃபின்டவுனிலிருந்து வந்த டர்னிப் விளக்கு ஒன்றின் அச்சுவார்ப்பு இருக்கிறது. சுருங்கிய முகம், பிய்ந்த பற்கள், இன்றைய ஆரஞ்சு நிறப் பூசணியைவிட எவ்வளவோ பயமுறுத்தும். அமெரிக்காவில் பரங்கிக்காய் மலிவு, பெரிது, குடையவும் சுலபம் என்பதால் கிழங்கு போய்க் காய் வந்தது. நம்மூர் திருஷ்டிப் பூசணிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, முகம் வரைந்திருப்பதை வைத்து முடிச்சுப்போட வேண்டாம்.

அந்த விளக்கின் பெயர் ஜாக்-ஓ-லான்டர்ன். ஐரிஷ் கதையில் ஜாக் சாத்தானையே ஏமாற்றித் தன் உயிரை எடுக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிடுகிறான். செத்தபிறகு மோட்சத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை, சாத்தான் எறிந்த ஒரு கொள்ளிக்கட்டையை டர்னிப்புக்குள் வைத்துக்கொண்டு இருட்டில் அலைகிறான். இந்தப் பெயர் காய்க்கு வருவதற்கு முன்னால் சதுப்பு நிலங்களில் இரவில் தெரியும் அலையும் வெளிச்சத்துக்குத்தான் இருந்தது. அந்த வெளிச்சத்துக்குத் தமிழில் என்ன பெயர்? கொள்ளிவாய்ப் பிசாசு. ஆக, ஹாலோவீன் சொற்களில் பிசாசு என்று மொழிபெயர்க்க நியாயமான இடம் இது ஒன்றுதான்.

இனி தமிழ்ப்பெயர். 'புனிதர் மாலை' என்று சிலர் நினைக்கலாம், ஆனால் மன்றாட்டு மாலை, செபமாலை என்று பழகிய காதுக்கு அது வேறு பொருள் தரும். 'திருவிழிப்பு' சரியான சொல், ஆனால் ஈஸ்டருக்கு முந்தின இரவின் பாஸ்கா திருவிழிப்போடு ஒட்டிப்போய்விட்டது. என் தேர்வு புனிதர் முன்னிரவு. முந்தின இரவு என்றும் எடுக்கலாம், பொழுது சாய்ந்த முதல் பகுதி என்றும் எடுக்கலாம், 'ஈவன்' என்பதிலும் அந்த இரண்டு பொருளும் உண்டு. செய்தியில் ஹாலோவீன் என்றே எழுதலாம், பெயர்ச்சொல்தானே. முதல் தடவை வரும்போது பக்கத்தில் 'புனிதர் முன்னிரவு' என்று போட்டால் போதும்.

கடைசியாக, பிள்ளைகள் கதவைத் தட்டிக் கேட்கும் 'ட்ரிக் ஆர் ட்ரீட்'. 1920களிலேயே கனடாச் செய்தித்தாள்களில் வந்துவிட்ட தொடர் இது. இதைத் 'தந்திரமா விருந்தா' என்று எழுதுகிறார்கள். தந்திரமும் இல்லை, விருந்தும் இல்லை. தின்பண்டம் தராவிட்டால் வாசலில் ஏதாவது குறும்பு செய்துவிட்டுப் போவோம் என்ற செல்ல மிரட்டல் அது. தமிழ்நாட்டுப் பேச்சில் 'இனிப்பா, சேட்டையா?' என்றால் அப்படியே பொருந்தும். ஈழத்தமிழர் வாழும் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் கதவைத் திறக்கிற அம்மம்மாவிடம் கேட்பதென்றால் ஈழத்துச் சொல் இன்னும் நன்றாக உட்காரும்: 'இனிப்பா, குழப்படியா?'