எம்கே அல்ட்ரா நடந்தது உண்மைதான், அதற்காக வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

போன வாரமும் ஒரு குடும்பம் வந்திருந்தது (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). பையன் வேலையை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, இரவில் தூங்குவதில்லை, ஃபோனை அலுமினியத் தாளில் சுற்றி வைக்கிறான், அரசாங்கம் தன் மூளையை எங்கிருந்தோ இயக்குகிறது என்கிறான். அவனைவிட அவன் அண்ணன் சொன்னதுதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. "முழுசா தப்புன்னு சொல்ல முடியல டாக்டர், அமெரிக்காவுல நிஜமாவே பண்ணியிருக்காங்களே, எம்கே அல்ட்ரான்னு?" இந்த ஒரு வாதத்தை நம்பி ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறார்கள். படித்தவர்கள் வாயிலிருந்தே இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஆமாம், நடந்தது. மனித மனத்தைக் கட்டுப்படுத்த வழி தேடி அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ரகசியமாக நடத்திய திட்டம்தான் எம்கே அல்ட்ரா. 1953 ஏப்ரலில் சிஐஏ இயக்குநர் ஆலன் டல்லஸ் ஒப்புதல் கொடுத்தார், சிட்னி காட்லீப் என்ற வேதியியலாளர் நடத்தினார். சொல்லாமல் கொள்ளாமல் மனிதர்களுக்கு எல்எஸ்டி என்ற, பிரமையை உண்டாக்கும் போதைமருந்தைக் கொடுத்தார்கள். அதே வருடம் நவம்பரில் ஃபிராங்க் ஓல்சன் என்ற விஞ்ஞானிக்கு மதுவில் கலந்து கொடுத்தார்கள், சில நாட்களில் அவர் நியூயார்க் ஹோட்டல் ஒன்றின் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். மான்ட்ரியலில் யூவன் கேமரன், பின்னாளில் உலக மனநல மருத்துவச் சங்கத்தின் முதல் தலைவராக இருந்தவர், சிஐஏ வழியாக வந்த பணத்தில் நோயாளிகளை நாள்கணக்கில் மருந்தால் தூங்கவைத்து, அளவுமீறி மின்னதிர்ச்சி கொடுத்து, ஒரே வாக்கியத்தை டேப்பில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். எங்கள் மனநல மருத்துவத் துறைக்கே தலைகுனிவு அது. (இன்று மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் மின்னதிர்வு சிகிச்சையை இதோடு சேர்த்துப் பயப்படாதீர்கள், இரண்டும் வேறு.) 1973ல் கோப்புகளை அழிக்கச் சொல்லி உத்தரவு போனது, அப்படியும் 1975ல் அமெரிக்க விசாரணைக் குழுக்கள் முன்னால் விஷயம் வெளிவந்தது.

எம்கே அல்ட்ரா பற்றி இணையத்தில் சுற்றும் காணொளிகள் இத்தோடு நின்றுவிடுகின்றன. இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. கேள்வி கேட்க ஆளில்லை, பணத்துக்குக் குறைவில்லை, சட்டத்தைப் பற்றிக் கவலையில்லை, பத்து வருடத்துக்கு மேல் முயன்றும் ஒரு மனிதனைச் சொன்னபடி நடக்கவைக்க அவர்களால் முடியவில்லை, இதெல்லாம் உளவு வேலைக்கு உதவாது என்று காட்லீப்பே முடிவுக்கு வந்தார். மனிதனைச் சிதைக்க முடிந்தது, நினைவை அழிக்க முடிந்தது. கேமரனிடம் போனவர்களில் சிலருக்குக் கடந்த காலமே மறந்துபோனது. சிதைப்பது வேறு, உள்ளே ஒரு எண்ணத்தை வைப்பது வேறு. அந்தச் சிதைப்புக்கும் ஆளைக் கட்டிலில் படுக்கவைத்து மருந்தை உடலுக்குள் செலுத்த வேண்டியிருந்தது, வானத்திலிருந்து எதையும் அனுப்பவில்லை. ஆகவே எம்கே அல்ட்ராவை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் அது தோற்றுப்போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 1810ல் லண்டன் பெத்லம் மனநல மருத்துவமனையின் ஜான் ஹாஸ்லம், ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ் என்ற நோயாளியைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஒரு கும்பல் அருகில் எங்கோ இயந்திரம் வைத்துக் காற்று வழியாகத் தன் எண்ணங்களைத் திருப்புகிறது என்று மேத்யூஸ் நம்பினார். அப்போது ரேடியோகூட இல்லை. எங்களிடம் வருகிற வயதானவர்கள் செய்வினை என்பார்கள், பேரன் வயதுக்காரர்கள் தலைக்குள் சிப் வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள், அடியில் இருப்பது ஒரே அனுபவம்: யாருமில்லாத அறையில் குரல் கேட்கிறது, தன் எண்ணம் தன்னுடையதாகத் தோன்றவில்லை. அந்த அனுபவம் பொய்யில்லை, அதைச் சொல்கிறவர் நடிக்கவுமில்லை. விளக்கத்தை மட்டும் அந்தந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

அரசாங்கம் ஜனங்களை வேவு பார்க்கிறது என்று ஒருவர் வாதாடினால் அது கருத்து, அதற்கு நான் தேவையில்லை. 'எனக்குத்தான் செய்கிறார்கள்' என்று சொல்லி, தூக்கமும் வேலையும் போயிருந்தால் தாமதிக்காதீர்கள்.

வீட்டில் வாதாட வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். "உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, தூங்கவே இல்லையே, அதுக்காவது டாக்டரைப் பார்ப்போம்" என்றால் பலர் வருகிறார்கள். சிப் இல்லை என்று நிரூபிக்க எம்ஆர்ஐ எடுக்கக் கேட்காதீர்கள், ஸ்கேன் சுத்தமாக வந்தால் ஸ்கேன் சென்டரும் கூட்டு என்பார். வலிப்பு, தலைக்காயம் மாதிரி காரணமிருந்தால் நாங்களே எழுதுவோம். கஞ்சா பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், தயவுசெய்து மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரில் கலக்காதீர்கள். நிறைய வீடுகளில் பாசத்தோடுதான் செய்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் ஓல்சனுக்குச் செய்ததும் இதுதானே? தனக்குத் தெரியாமல் எதையோ கொடுக்கிறார்கள் என்று பயப்படுகிறவருக்கு அதையே செய்துவிட்டு, அவர் கண்டுபிடித்த பிறகு யாரை நம்பச் சொல்வீர்கள்? அதற்குப் பிறகு அம்மா கையால் சாப்பிட மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை ஒத்துவராவிட்டால் சொல்லுங்கள், வேறு மருந்தும் இருக்கிறது, மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது, அவர் சம்மதத்தோடே பேசி முடிவெடுக்கலாம்.

சாப்பாட்டில் விஷம் என்று பட்டினி கிடந்தாலோ, செத்துப்போகச் சொல்லிக் குரல் கேட்கிறது என்றாலோ, தற்காப்புக்கென்று கத்தியை வைத்துக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். மற்றபடி 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். அவரைக் கூட்டிவர முடியவில்லை என்றால் முதல் தடவை நீங்கள் மட்டும் வாருங்கள், எப்படிக் கூட்டிவருவது என்று உட்கார்ந்து பேசுவோம்.