நோட்டை அழகாக எழுதி வருபவருக்கு ஏன் சரியாவதில்லை?

"என் தோழிக்கு மனச்சோர்வு இதே தெரபியில் சரியாகிவிட்டது மேடம், எனக்கு மட்டும் ஏன் ஆகவில்லை?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் வாங்கிப் பார்ப்பது வீட்டுப்பாட நோட்டை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிதிறன் சிகிச்சையில் பாதி வேலை அதில்தான் நடக்கிறது. மனம் துவண்டபோது என்ன நினைப்பு வந்தது, அதற்கு ஆதாரம் உண்டா, வேறு மாதிரி பார்க்க முடியுமா என்று எழுதிப் பழக வேண்டும்.

சிலருடைய நோட்டு காலியாக இருக்கும். வீட்டில் சோம்பேறித்தனம் என்பார்கள். பெரும்பாலும் அது மனச்சோர்வின் அறிகுறிதான். அவர்களிடம் எழுதச் சொல்லி வற்புறுத்தாமல் குளிப்பது, கொஞ்ச தூரம் நடப்பது என்று தொடங்குவோம்.

எனக்கு அதிகக் கவலை தருவது அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு. "சரியாக எழுதியிருக்கிறேனா மேடம்?" என்ற கேள்வியும் கூடவே வரும். எதிலும் குறையே இருக்கக் கூடாது என்று தன்னை வாட்டிக்கொள்பவர்கள் இவர்கள். மனச்சோர்வுச் சிகிச்சைகள் பற்றி அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முதல் முடிவுகள் 1989இல் வெளிவந்தன. அதன் தரவுகளைப் பிறகு உளவியலாளர் சிட்னி பிளாட்டும் சகாக்களும் அலசியபோது, இந்தக் குணம் மிகுந்தவர்களுக்கு அறிதிறன் சிகிச்சையில் மட்டுமல்ல, மனச்சோர்வுக்கான இமிப்ரமின் மாத்திரையிலும்கூடப் பலன் குறைவாக இருந்தது தெரிந்தது. தேக்கம் முக்கியமாகச் சிகிச்சையின் இரண்டாம் பாதியில் வந்தது. முடியப் போகிறது, இன்னும் முழுதாகக் குணமாகவில்லையே என்ற நினைப்பு இவர்களை எப்படி அழுத்தும் என்பதை நேரில் பார்க்கிறேன். சிகிச்சையாளரிடம் மனம்விட்டுப் பேசுவதும் இவர்களுக்குக் கடினம். அவரும் மதிப்பெண் போடுவார் என்று பயப்படுகிறார்கள்.

அதனால் இவர்களிடம் வேண்டுமென்றே அரைகுறையாக எழுதி வரச் சொல்கிறேன். அப்போது எழும் பதற்றத்தையே அன்றைக்குப் பேசுபொருளாக எடுத்துக்கொள்வோம். சிகிச்சை எப்போது முடியும் என்பதையும் கடைசி வாரம்வரை தள்ளாமல் முன்பே பேசிவிடுகிறோம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எண்ணங்கள் அதிகம் திரிந்துபோகாதவர்களுக்கே அறிதிறன் சிகிச்சை கூடுதலாக உதவியது. யாருக்கு எண்ணங்கள் மிகவும் கோணலாக இருக்கின்றனவோ அவர்களுக்குத்தான் உதவும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அப்படி இல்லை.

சில வாரங்களாகியும் மாற்றம் இல்லையென்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். "எனக்கு இது உதவவில்லை" என்று சிகிச்சையாளரிடமே சொல்லுங்கள். முறையை மாற்றலாம், மாத்திரை சேர்க்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.