வாய்மொழி வரலாறு: யாருடைய வாய்?

கோலாலம்பூர் செந்தூலில் பாட்டி இருந்தவரை, "ஜப்பான்காரன் காலத்தப் பத்தி சொல்லுங்க பாட்டி" என்றால், "எனக்கு என்னய்யா வரலாறு தெரியும்? படிச்சவங்களக் கேளு" என்பார். பிறகு ஒரு மணி நேரம் மரவள்ளிக்கிழங்கும் மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத அண்ணனுமாகப் பேசிக்கொண்டே இருப்பார்.

இப்படி வாழ்ந்தவர்களையே பேசவைத்துப் பதிவுசெய்யும் 'ஓரல் ஹிஸ்டரி'க்கு நாம் வழங்கும் சொல் வாய்மொழி வரலாறு. ஓரலின் வேர், வாயைக் குறிக்கும் லத்தீனச் சொல். மலாயில் 'செஜாரா லிசான்': லிசான் அரபியில் நாக்கு, செஜாரா, மரத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நம் வரலாறோ வரல் + ஆறு, வந்த வழி. கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

சிலர் 'வாய்வழி வரலாறு' என்கிறார்கள். எனக்கு அது சொட்டு மருந்தைத்தான் நினைவூட்டுகிறது. 'செவிவழிச் செய்தி'யும் ஆகாது. அது யாரோ சொல்லக் கேட்டது, இது தானே பட்டதைச் சொல்வது.

வாய்மொழி பழைய சொல். தொல்காப்பியச் செய்யுளியல் அதைப் பாட்டு, உரை, நூலோடு சேர்த்து எண்ணுகிறது. உரைகாரர்கள் மந்திரம் என்று பொருள் கொண்டார்கள். நம்மாழ்வார் பாசுரங்கள் 'திருவாய்மொழி' ஆயின. ஆக, அது பெரியவர்களின் வாய். ஆங்கிலத்திலும் இதே கதைதான்: 1948-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய பதிவுப் பணி முதலில் பெரும்புள்ளிகளையே தேடிப் போனது.

அந்தச் சொல்லைத் தெருவுக்கு இறக்கியவர்களில் எனக்குப் பிடித்தவர் சிகாகோ வானொலியாளர் ஸ்டட்ஸ் டெர்கல் (1912–2008). உணவகப் பணிப்பெண், எஃகாலைத் தொழிலாளி, குழிவெட்டி என எல்லாரையும் பேசவைத்தார். போர்க்காலத்தை வாழ்ந்தவர்களின் பேச்சைத் தொகுத்ததற்கு 1985-இல் புலிட்சர் பரிசு. ஆனால் டேப் ரிக்கார்டரோடு எப்போதும் மல்லுக்கட்டுவார். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்தே எதிரில் இருப்பவரின் கூச்சம் போய்விடுமாம்.

பாட்டியின் பேச்சை எழுத்தில் இறக்கும்போது நான் ஒரு தப்பு செய்தேன். விடியலில் தோட்டத்து ஆட்களை நிறுத்திக் கணக்கெடுப்பதை அவர் 'பெரட்டு' என்பார். 'பரேட்' திரிந்த சொல். நான் அதை 'காலை வருகைப் பதிவு' என்று திருத்திவிட்டேன். படித்துப் பார்த்தால் ஏதோ அலுவலகக் குறிப்பு போல இருந்தது, பாட்டியைக் காணோம். அடித்துவிட்டுப் பெரட்டு என்றே எழுதினேன்.