பாதம் எழ மறுக்கும்போது: மூளைக்கு ஒரு காந்தத் தூண்டல்

பார்க்கின்சன் நோயாளியின் நடை தடுமாறுவதற்குக் காரணம் கால்களில் இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு இதை நம்புவது கடினம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் வாசலிலேயே உறைந்து நிற்கிறார் பெரியவர். உடல் முன்னே சாய்கிறது, முழங்கால் நடுங்குகிறது, பாதம் மட்டும் எழ மறுக்கிறது. மகள் தன் காலைக் குறுக்கே நீட்டி, "இதைத் தாண்டி வாருங்கள், அப்பா" என்றால் பெரும்பாலும் தாண்டிவிடுவார்! தரையில் ஒட்டிய கோடும் இந்த வேலையைச் செய்யும்.

மூளையின் ஆழத்தில் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிய அழிய, பழகிய நடையைத் தானாக நடத்தும் சுற்று தளர்கிறது. அடுத்த அடி எடுக்க மூளையின் மேற்படையான புறணிக்குப் போகவேண்டிய உந்துதல் குறைகிறது. கண்ணால் கண்ட தடையைத் தாண்டவோ மூளைக்கு வேறு பாதை உண்டு. லெவோடோபா மாத்திரை டோபமைனை ஈடுசெய்தாலும், இந்த உறைநடை பலருக்கு அதற்கு முழுமையாக அடங்குவதில்லை.

அந்த உந்துதலை வெளியிலிருந்து கொடுக்கப் பார்ப்பதுதான் காந்தத் தூண்டல். செப்புக் கம்பிச் சுருளைத் தலைமேல் வைத்து, ஒரு மில்லி செக்கனுக்கும் குறைவான நேரம் பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சுகிறார்கள். 'டக்' என்றொரு சத்தம். ஏறத்தாழ 1.5 முதல் 2 டெஸ்லா வரையான காந்தப்புலம் எழுந்து மறைகிறது. மண்டையோடு அதைத் தடுப்பதில்லை. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும் என்று 1831இல் விஞ்ஞானி பரடே கண்டதே இங்கும் நடக்கிறது: புறணியில் பிறக்கும் சிறு மின்னோட்டம் நரம்பணுக்களைக் கிளர்த்துகிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கர் குழுவினர் இப்படித்தான் கையை அசைத்துக் காட்டினார்கள்.

கால் அவ்வளவு எளிதில் எட்டாது. அதை ஆளும் பகுதி, மூளையின் இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள பிளவுக்குள் மறைந்திருக்கிறது. வழமையான சுருளின் வீச்சு 2, 3 சென்ரிமீற்றர்தான். ஆகவே தலையை அணைத்தபடி வளைந்த இரட்டைச் சுருளைப் பயன்படுத்துவதுண்டு. செக்கனுக்கு 5 துடிப்புகளோ அதற்கு மேலோ கொடுத்தால் பொதுவாக அப்பகுதி ஊக்கம் பெறும். செக்கனுக்கு 1 துடிப்பு வீதம் தொடர்ந்து கொடுத்தால் அதை அடக்கும்.

ஆய்வுகளில் நடை ஓரளவு மேம்பட்டிருக்கிறது. பலன் நிரந்தரமல்ல, எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை. இந்த நோயில் வெறும் நம்பிக்கையே டோபமைனைச் சுரக்கவைக்கும் என்பதால், மூளையைத் தூண்டாத போலிச் சுருளோடு ஒப்பிடாத வெற்றிக் கதை எதையும் நான் ஏற்பதில்லை.

காந்தக் காப்புக்கும் காந்தத் தலையணைக்கும் பணத்தைக் கொட்டாதீர்கள். மாறாத புலத்தால் மூளையில் மின்னோட்டம் பிறக்காது. தலைக்குள் உலோகக் கிளிப், மார்பில் இதயத்துடிப்புக் கருவி இருப்பவர்களும் வலிப்பு வந்தவர்களும் சிகிச்சைக்கு முன்பே நரம்பியல் வைத்தியரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக்கூடாது.