நிகர ரன் விகிதமா, நிகர ரன் வீதமா?

2024 மே 18 இரவு. பெங்களூருவில் ஐ.பி.எல். இருபது ஓவர் கிரிக்கெட் தொடரில் சென்னையும் பெங்களூருவும் மோதிக்கொண்டிருந்தன. பெங்களூரு 218 எடுத்திருந்தது. வெற்றிக்கு 219 வேண்டும். ஆனால் அடுத்த சுற்றுக்குப் போகச் சென்னைக்கு 201 போதும், தோற்றாலும் பரவாயில்லை. ஒரே ஆட்டத்தில் இரண்டு இலக்கு. அந்த 201-ஐத் தொடக் கடைசி ஓவரில் 17 தேவைப்பட்டது. முதல் பந்தை தோனி மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். பந்துவீசிய யஷ் தயாள் அந்த ஓவரில் கொடுத்தது மொத்தம் ஏழு. 191-இல் சென்னையின் கதை முடிந்தது. இரண்டு அணிகளுக்கும் 14 புள்ளிகள். புள்ளி சமமானதால் நெட் ரன் ரேட் முடிவு செய்தது: பெங்களூரு +0.459, சென்னை +0.392.

தோற்றதுகூட எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அன்றிரவு செய்தி வாசித்தவர், "சராசரி ரன் விகிதத்தின் அடிப்படையில் சென்னை வெளியேறியது" என்று மூன்று முறை சொன்னார். அதுதான் வலித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மைத்துனன், "அத்தான், அப்படியென்றால் நம் ஆட்கள் சராசரியாகக் குறைவாக அடித்தார்களா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லி விளக்க அரை மணி நேரம் ஆனது. 'சராசரி ரன் விகிதம்' என்ற மூன்று சொல்லில் இரண்டு தப்பு. அந்த இரண்டையும் இப்போது எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

முதலில் பொருள். நெட் ரன் ரேட் என்பது ஒரு கழித்தல் கணக்கு. தொடர் முழுவதும் ஓவர் ஒன்றுக்கு ஓர் அணி எத்தனை ரன் எடுத்தது, எத்தனை ரன் கொடுத்தது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதே அது. ஓவருக்குப் பத்து ரன் அடிக்கிற அணி பத்தரை ரன் வாரிக் கொடுத்தால், அதன் சராசரி அமோகம், நெட் ரன் ரேட் மைனஸ். ஆகவே சராசரி என்ற சொல் இங்கே பாதிக் கணக்கைத்தான் சொல்கிறது. கொடுத்த கடனை மறைத்து வரவை மட்டும் காட்டுகிற கணக்குப்பிள்ளையின் வேலை அது.

ரசிகர்கள் வழக்கமாக வழுக்கி விழுகிற இடம் இன்னொன்று உண்டு. எல்லா விக்கெட்டையும் பறிகொடுத்த அணிக்கு, அது ஆடிய ஓவர்கள் கணக்கில் வராது; முழு 20 ஓவரும் வரும். 2017-இல் ஈடன் கார்டனில் கொல்கத்தா 19.3 ஓவரில் 131-க்குச் சுருண்டது. பதிலுக்கு பெங்களூரு 9.4 ஓவரில் 49-க்குச் சுருண்டது. ஆடிய ஓவரால் வகுத்தால் பெங்களூருவுக்கு ஓவருக்கு 5.07, கொல்கத்தாவுக்கு 6.72. 'அவ்வளவு மோசமில்லையே' என்று தோன்றும். விதிப்படி இரண்டையும் இருபதால் வகுக்க வேண்டும்: 2.45, 6.55. அந்த ஒரே ஆட்டத்தில் 4.10 பள்ளம். 9.4 என்பதை அப்படியே கால்குலேட்டரில் தட்டுகிறவர்கள் தனி ரகம். அது ஒன்பது ஓவரும் நான்கு பந்தும், தசமத்தில் 9.67.

இனிச் சொல்லின் பிறப்பு. நெட் என்பது சுத்தமான, பளிச்சென்ற என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கழிக்க வேண்டியதைக் கழித்தபின் சுத்தமாக நிற்பது நெட். மீன்பிடிக்கிற நெட்டுக்கும் இதற்கும் உறவில்லை. 'வலை ரன் விகிதம்' என்று ஒரு முறை படித்தேன். இயந்திரத்தின் கைவண்ணம், மனிதக் கண் படாமலே அச்சேறியிருக்கிறது. தமிழில் இதற்கு 'நிகர' என்ற சொல் கணக்குப் புத்தகங்களில் நன்றாகக் காலூன்றிவிட்டது: நிகர லாபம், நிகர வருமானம். நிகரற்ற, நிகரில்லாத என்பவற்றில் வருகிற ஒப்புமைப் பொருள் இங்கே இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இலங்கைத் தமிழர்கள் கணக்கியலில் 'தேறிய இலாபம்' என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அது நிகரவைவிட அழகு. 'செலவு போகக் கையில் எவ்வளவு தேறும்?' என்று நாம் எல்லோரும் கேட்கிறோமே, அதே தேறுதல். என்றாலும் இங்கே நிகரவோடு எனக்குச் சண்டையில்லை.

சண்டை விகிதத்தோடு.

இட்லிக்கு மாவு அரைக்கிறோம். அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு. இது விகிதம். ஒரே வகை அளவு இரண்டை ஒப்பிடுகிறோம். படியால் அளந்தாலும் டம்ளரால் அளந்தாலும் நான்குக்கு ஒன்று மாறாது. மாவு புளித்து, இட்லி வெந்து, பந்தியில் ஆளுக்கு நான்கு இட்லி வைக்கிறோம். இது வீதம். 'ஆளுக்கு நான்கு வீதம் இருநூறு பேருக்கு எண்ணூறு' என்று சமையல்காரர் சீட்டில் எழுதுவார்; எந்தச் சமையல்காரரும் 'ஆளுக்கு நான்கு விகிதம்' என்று எழுதி நான் பார்த்ததில்லை. 'இன்னதற்கு இவ்வளவு' என்ற பொருள் வரும் இடத்தில் தமிழன் வாய் தானாக வீதம் என்கிறது. ஓவருக்கு எட்டு ரன் வீதம். நாளுக்கு இருநூறு ரூபாய் வீதம். தொலைக்காட்சி வர்ணனையாளரே, 'ஓவருக்குப் பன்னிரண்டு ரன் வீதம் தேவை' என்று சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் 'தேவைப்படும் ரன் விகிதம் பன்னிரண்டு' என்கிறார். முதலாவது அவர் வீட்டில் கற்ற தமிழ். இரண்டாவது ஸ்டுடியோவில் யாரோ எழுதிக் கொடுத்தது.

'இரண்டும் ஒரே சொல்தானே, வடமொழி விகிதமே தேய்ந்து வீதம் ஆனது' என்று சிலர் மடக்குவார்கள். இருக்கட்டும். மிகுதி தேய்ந்து மீதி ஆனது, பகுதி தேய்ந்து பாதி ஆனது. அதற்காகச் 'சொத்தில் பகுதி' என்று எழுதவேண்டிய பத்திரத்தில் 'சொத்தில் பாதி' என்று எழுதினால் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக் குத்து நடக்கும். ஒரு வயிற்றில் பிறந்தாலும் தனிக்குடித்தனம் போன சொற்கள் அவை. ஆங்கிலத்திலும் இதே கதைதான்: ரேட், ரேஷியோ இரண்டும் எண்ணுதல், கணித்தல் என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் வேரில் கிளைத்தவை. அதைச் சாக்காக வைத்து ஆங்கிலேயன் ரன் ரேஷியோ என்று சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி மைனஸ் குறி. எடுத்த ரன் வீதத்தைக் கொடுத்த ரன் வீதத்தால் வகுத்திருந்தால் அது உண்மையிலேயே விகிதம். அப்போது எவ்வளவு மோசமான அணிக்கும் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ரஞ்சிக் கோப்பையில் அப்படி ஒரு கணக்கு உண்டு: விக்கெட்டுக்கு எடுத்த ரன்னை விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்னால் வகுப்பார்கள். கால்பந்திலும் அடித்த கோலை வாங்கிய கோலால் வகுக்கும் வழக்கம் இங்கிலாந்து லீக்கில் 1976 வரை இருந்தது. பிறகு கழித்தலுக்கு மாறினார்கள். இருபது ஓவர் தொடரில் நாம் பார்ப்பது கழித்தல். ஏப்ரல் மாதமே 'நம் அணி மைனஸில் கிடக்கிறது' என்று டீக்கடையில் புலம்புகிறோமே, விகிதமாக இருந்தால் அந்தப் புலம்பலுக்கே இடமில்லை.

இந்தக் குழப்பம் கிரிக்கெட்டோடு நிற்கவில்லை. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் பையன் 'விகிதம், விகிதசமம்' என்று ஒரு பாடம் படிக்கிறான், 'வட்டி வீதம்' என்று வேறொரு பாடம் படிக்கிறான். இரண்டும் வேறு என்று வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுக்கிறார். மறுநாள் நாளிதழைப் பிரித்தால் ரிசர்வ் வங்கி 'வட்டி விகிதத்தை' உயர்த்தியிருக்கிறது. வாத்தியார் தோற்றார்.

மாற்றாக இன்னும் இரண்டு சொற்கள் காதில் விழுகின்றன. ஒன்று 'ஓட்ட வேகம்'. துடுப்பாட்டம், களத்தடுப்பு என்று அழகழகாகத் தமிழ் செய்த இலங்கை நண்பர்கள் மேல் எனக்குப் பெரு மரியாதை உண்டு. ஆனாலும் வேகத்தைப் பந்துவீச்சாளருக்கு விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ஒரே வரியில் பந்தின் வேகம் 145 கிலோமீட்டர், ஓட்ட வேகம் எட்டு என்றால், ஓடினது யார் என்று வாசகன் தடுமாறுவான். இன்னொன்று, தனித்தமிழ் அன்பர் ஒருவர் சொன்ன 'மேனி'. 'கிலோ முப்பது ரூபாய் மேனிக்கு' என்று தென்மாவட்டச் சந்தைகளில் கேட்கிற சொல்தான், வடமொழி வாடையும் கிடையாது. எனக்கு ஆசைதான். ஆனால் 'சென்னையின் மேனி சரிந்தது' என்று தலைப்புப் போட்டால் நகரத்து வாசகன் என்ன நினைப்பான் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரன்னா, ஓட்டமா என்ற கேள்வியில் நான் கறாராக இல்லை. சிக்ஸர் அடித்தவன் ஓர் அடிகூட ஓடுவதில்லை. ஓட்டம் என்றாலும் ரன் என்றாலும் அந்தப் பொய் ஒன்றுதான். அச்சில் நிலைத்துவிட்ட ரன் எனக்குப் போதும்.

மொழிபெயர்க்கிறவர்களிடம் ஒரே ஒரு குறை. சொல்லுக்குச் சொல் அகராதியில் தேடுகிறார்களே தவிர, அந்தச் சொல் களத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை. ஸ்ட்ரைக் ரேட்டை 'வேலைநிறுத்த விகிதம்' என்று பெயர்த்ததைக் கண்டு சிரித்தோம், சரி. சிரிக்காத தப்பு அதைவிட மோசம். மட்டையாளருக்கு ஸ்ட்ரைக் ரேட் என்பது நூறு பந்துக்கு எத்தனை ரன், கூடினால் நல்லது. பந்துவீச்சாளருக்கு அது விக்கெட்டுக்கு எத்தனை பந்து, குறைந்தால் நல்லது. ஆங்கிலம் சோம்பேறித்தனமாக இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது. தமிழில் 'அடித்தல் வீதம்', 'வீழ்த்தல் வீதம்' என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது. நாமோ இரண்டுக்கும் சேர்த்து 'ஸ்ட்ரைக் விகிதம்' என்று எழுதி, பிழையையும் சோம்பலையும் ஒன்றாக இறக்குமதி செய்திருக்கிறோம்.

புள்ளிப் பட்டியலின் குறுகிய கட்டத்தில் 'நிகர ரன் வீதம்' என்று எழுத இடமில்லை என்று பக்க வடிவமைப்பாளர் சொல்வார். நி.ர.வீ. என்று போடட்டும். மைத்துனனிடம் சொன்னபோது அவன் உடனே, "நிரவியா? காரைக்கால் பக்கத்தில் இருக்கிற ஊராயிற்றே" என்றான். மேட்டைப் பள்ளத்தில் தள்ளிச் சமன் செய்வதற்கும் நிரவுதல் என்றுதான் பெயர் என்றேன். "பெங்களூருவில் அந்தப் பத்து ரன் பள்ளத்தை யாரும் நிரவவில்லையே அத்தான்" என்றான்.