கரடுமுரடான பாதைக்கு வண்டியைத் தயார் செய்வதன் இயற்பியல்

இரண்டாம் உலகப் போரின்போது லிபியப் பாலைவனத்தில் வேவு பார்க்க, ரால்ஃப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1940இல் ஒரு நெடுந்தூரப் படைப்பிரிவை உருவாக்கினார். அந்தப் படை பெரிதும் நம்பியிருந்த செவர்லே லாரிகள் பின்சக்கரங்கள் மட்டுமே இயங்குபவை. இடையில் நான்கு சக்கரமும் இயங்கும் ஃபோர்டு லாரிகளைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அவற்றின் எடையும் எரிபொருள் தாகமும் ஒத்துவராததால் 1942இல் மீண்டும் செவர்லேக்கே திரும்பினார்கள். மணல் எப்படி நகர்கிறது, எங்கே இறுகிக் கிடக்கிறது என்பதை அறிவியலாகவே ஆராய்ந்த பேக்னால்டுக்கு, வண்டியை மணலில் மிதக்கவைப்பது இயந்திரத்தின் வலுவைவிடச் சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள உறவே என்பது தெரிந்திருந்தது. இன்று மஹிந்திராவின் தாரையோ மாருதியின் ஜிம்னியையோ வாங்கியதும் எதை மாற்றலாம் என்று பட்டியல் போடுபவர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியதும் அந்த உறவைத்தான்.

கணக்கு எளிது. 1,500 கிலோ எடையுள்ள வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 375 கிலோவைத் தாங்குகிறது. டயரில் 32 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) காற்று இருந்தால், அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ அழுத்தம். ஆகவே டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 167 சதுர சென்டிமீட்டராக இருக்கும். அழுத்தத்தை 16 பி.எஸ்.ஐ. ஆகக் குறைத்தால் அந்தப் பரப்பு கணக்கின்படி இரு மடங்காகிவிடுகிறது. பக்கச் சுவரின் விறைப்பும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் நடைமுறையில் சற்றுக் குறையுமே தவிர, போக்கு இதுதான். பரப்பு அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளர்கிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. நீண்ட தடம் ஒட்டகத்தின் பாதம்போல மணலை வெட்டாமல் அழுத்தி அதன்மேல் ஏறிப் போகிறது. குறுகிய தடமோ தன் முன்னால் மணலைக் குவித்து, அந்தக் குவியலையே ஓயாமல் ஏற முயன்று புதைகிறது. பாறைப் பாதையிலும் காற்றுக் குறைந்த டயர் கல்லின் முனையைத் தனக்குள் வாங்கிக்கொண்டு பிடிமானம் தருகிறது, ஆனால் பிதுங்கி நிற்கும் பக்கச் சுவர் எளிதில் கிழியும் என்பதால் அங்கே அளவு மீறிக் குறைக்கக் கூடாது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் வளைந்து நிமிர்வதால் சூடாகும். கூர்மையாகத் திருப்பினால் ரிம்மிலிருந்து கழன்றுவிடவும் கூடும். ஆகவே வேகம் மணிக்கு 30, 40 கிலோமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இத்தனை பயனுக்கும் தேவைப்படுபவை ஒரு நம்பகமான அழுத்தமானியும், தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மீண்டும் நிரப்ப ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸரும்தான். கடைக்காரர்கள் இவற்றை முதலில் காட்டுவதில்லை என்பதில் வியப்பில்லை.

அடுத்தது டிஃப்ரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் இந்தப் பற்சக்கர அமைப்புக்கு 1827இலேயே பிரான்சின் ஒனேசிஃபோர் பெக்கர் காப்புரிமை பெற்றார். சாதாரண டிஃப்ரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே தரும், அதன் பலவீனமும் அதில்தான் இருக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நின்றால் அதைச் சுழற்ற ஏறக்குறைய விசையே வேண்டாம். சமமாகத்தான் தர முடியும் என்பதால், உறுதியான தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான் கிடைக்கிறது. முன்னே ஒரு சக்கரமும் பின்னே அதற்குக் குறுக்கெதிரான சக்கரமும் தூக்கிக்கொண்டால், ‘ஃபோர் வீல் டிரைவ்’ என்று பின்னால் எழுதிய வண்டியும் இரண்டு சக்கரங்களை வீணாகச் சுழற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஜிம்னியில் உள்ளது, வீணாகச் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும் மின்னணு முறை. அந்தச் சக்கரத்துக்குச் செயற்கையாக ஓர் எதிர்ப்பு உண்டாவதால் மறு சக்கரத்துக்கும் அதே அளவு விசை போகிறது, ஆற்றலில் ஒரு பகுதி பிரேக்கில் வெப்பமாக வீணாகிறது. மற்றது, இரு அச்சுத்தண்டுகளையும் ஒன்றாகப் பிணைத்துவிடும் லாக்கர். தாரின் சில வகைகளில் பின்சக்கரங்களின் அச்சான ஆக்ஸிலுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் இயந்திர லாக்கர் ஆலையிலிருந்தே வருகிறது; காற்றழுத்தத்தால் இயங்கும் லாக்கரை வெளியே வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. லாக்கர் போட்டால் முழு விசையும் ஒரே அச்சுத்தண்டின் வழியே போக நேரலாம் என்பதை மறக்கக் கூடாது. பாதி விசைக்குப் பழகிய தண்டு முழு விசையை வாங்கும்போது முறிவதும், பெரிய டயரோடு சேர்ந்தால் அந்த முறிவு விரைவதும் இயல்பே.

சக்கரத்தை மெதுவாகவும் வலுவாகவும் சுழற்றும் லோ ரேஞ்ச் என்ற கியர் நிலை பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. முதல் கியரில் 4, ஆக்ஸிலில் 4, விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் 2.5 என்ற விகிதங்கள் இருந்தால் மொத்தக் குறைப்பு 40 மடங்கு. என்ஜின் நிமிடத்துக்கு 800 முறை சும்மா சுழன்றாலே சக்கரம் 20 முறை சுழலும். 30 அங்குல டயரில் அது மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது மனிதன் மெல்ல நடக்கும் வேகம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகள் பெரிய அலங்காரம் எதுவுமின்றிப் பாறைப் படிகளில் தவழ்வது இந்தப் பெருக்கலின் பலத்தில்தான். இறக்கத்தில் இதே பெருக்கல் என்ஜினையே பிரேக்காக்குகிறது.

இனி, எல்லோரும் ஆசைப்படும் உயரத்துக்கு வருவோம். நீண்ட ஸ்பிரிங் போட்டு வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் உடற்பகுதிதான் உயர்கிறது. ஜிம்னிபோல, இரு சக்கரங்களையும் ஒரே விறைப்பான கூடாக இணைக்கும் திண்ணமான ஆக்ஸில் உள்ள வண்டியில் தரைக்கு மிக அருகே தொங்கும் டிஃப்ரன்ஷியல் கூடு ஒரு மில்லிமீட்டர்கூட உயர்வதில்லை. அதை உயர்த்துவது டயரின் ஆரம் மட்டுமே, அதுவும் விட்டத்தில் இரண்டு அங்குலம் கூட்டினால் கிடைப்பது ஓர் அங்குலம். 29 அங்குலத்திலிருந்து 31க்குப் போனால் கியர் விகிதம் சுமார் ஏழு விழுக்காடு தளர்ந்துபோகும். வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் சுமை கூடும்.

உயரத்தின் உண்மையான விலை ஈர்ப்பு மையத்தில் இருக்கிறது. சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் அகலமும், தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட வண்டி, கொள்கையளவில் 45 பாகைப் பக்கச் சரிவில் கவிழும். ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதால் நிஜத்தில் அதற்கு வெகு முன்னரே. 1,400 கிலோ வண்டியின் கூரைக்கு மேல், 1.9 மீட்டர் உயரத்தில், 50 கிலோ சாமானை ஏற்றினால் அந்த மையம் நான்கு சென்டிமீட்டர் மேலே போகிறது. வண்டியை உயர்த்தத் தயங்குகிறவர்கள்கூடக் கூரைச் சட்டத்தில் தண்ணீர்க் கேனையும் உபரிச் சக்கரத்தையும் கூசாமல் கட்டுகிறார்கள். இயற்பியலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கனமானவை வண்டிக்குள், தாழ்வாக, இரு ஆக்ஸில்களுக்கும் இடையே இருக்க வேண்டும்.

இந்தியாவில் சட்டத்தின் கணக்கும் சேர்கிறது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது; உச்ச நீதிமன்றம் 2019இல் இதை உறுதி செய்தது. முன்னால் பொருத்தும் எஃகுக் காப்புச் சட்டங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. மோதலின் விசை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குப் போகும் வழியை அத்தகைய சட்டம் மாற்றிவிட்டால் காற்றுப்பை விரியும் நேரமும் பிசகக்கூடும் என்பதால், இது வெறும் காகித விதி அல்ல.

நீரைக் கடக்க, என்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்னார்கெல் குழாயை வாங்குகிறவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள். என்ஜினுக்குள் நீர் புகுந்தால், அதை அமுக்க முடியாத பிஸ்டன் இணைப்புத்தண்டை வளைத்துவிடும். ஸ்னார்கெல் அதைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் நெடுநேரம் ஓடிச் சூடான ஆக்ஸில் கூடு ஆற்றில் இறங்கியதும் சட்டெனக் குளிர, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. எண்ணெய் பால்போலக் கலங்கிப் பற்சக்கரங்கள் தேய்வது சில வாரங்கள் கழித்துத்தான் தெரியவரும். மூச்சுத்துளைகளில் நீண்ட ரப்பர் குழாய் இணைத்து என்ஜின் அறையின் உச்சிவரை கொண்டுபோவது சில நூறு ரூபாய் வேலை.

சிக்கிய வண்டியை மீட்கும் கருவிகளில், கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் வின்ச் முதலிடம் பெறுகிறது; ஆனால் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் தகடுகளும் ஒரு மண்வெட்டியும் பெரும்பாலான சிக்கல்களைத் தீர்த்துவிடும் என்பதே என் கருத்து. வின்ச் இருந்தால், அதன் முழு இழுவிசை உருளையை ஒட்டிய முதல் அடுக்குக் கயிற்றில்தான் கிடைக்கும் என்பதையும், ஒரு கப்பியைச் சேர்த்தால் வேகம் பாதியாகி விசை இரட்டிக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நைலானால் ஆன இழுகயிறு வேறு வகை: அது நீண்டு ஆற்றலைச் சேமித்து, பின் சுருங்கும்போது வண்டியை வெளியே பிடுங்குகிறது. அதைச் சேஸிஸில் பொருத்திய, தாங்குதிறன் பொறித்த கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் குமிழில் மாட்டினால், குமிழ் முறியும் கணத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் முழுவதும் அந்த இரும்புத் துண்டை எறிகணையாக்கி, எதிரே நிற்பவரின் உயிரைக் குடித்துவிடும். இழுக்கும்போது ஓட்டுநர்களைத் தவிர மற்றவர்கள், கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையாத தூரத்தில், பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும்.