பெரிய தொட்டியில் மீனை மாற்றுவது அவ்வளவு லேசில்லை

மலையகத்துப் பள்ளிக்கூடங்களில் கொழும்புச் சுற்றுலா என்றால் தெஹிவளை மிருகக்காட்சிசாலை அநேகமாக இருக்கும், அங்கே மீன் தொட்டிகளுக்கு முன்னால் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்கும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: இந்தத் தொட்டியில் வேறு மீன் விடணும்னா தண்ணியை எல்லாம் இறைச்சு ஊத்தணுமா? நல்ல கேள்வி. பெரும்பாலும் தேவையில்லை. மீன் போகும், வேறு மீன் வரும், தண்ணீர் அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் எந்த மீன் வரலாம் என்பதை ஆட்கள் மட்டும் முடிவுசெய்ய முடியாது, தொட்டியும் சேர்ந்துதான் முடிவுசெய்கிறது.

கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று ஹோட்டலாக இருக்கிறதே, கொழுந்து வாட்டிய மாடிகள்தான் இப்போது அறைகள். கட்டடத்தின் எலும்பு மாறவில்லை, அதற்குள் அடங்குகிற வேலைதான் மாறியது. பெரிய மீன் தொட்டியும் அந்த மாதிரிதான்.

கலிபோர்னியாவில் உள்ள மொன்டரே பே மீன்காட்சியகம் 1984இல் திறந்தது, அதுவும் 1973இல் மூடப்பட்ட ஒரு சாளை மீன் டின் தொழிற்சாலை இருந்த இடத்தில். அங்கே 1996இல் பல இலட்சம் லீற்றர் கொள்ளும் ஒரு தொட்டி வந்தது. நடுக்கடலில் திரிகிற சூரை, சுறா, ஆமை இவற்றுக்காகக் கட்டியது. இப்படிப்பட்ட மீன்களில் பலவற்றுக்கு ஒரு நிபந்தனை உண்டு, நீந்துவதை நிறுத்தக் கூடாது. சூரையும் சில சுறாக்களும் வாயைத் திறந்தபடி முன்னால் போனால்தான் செவுளுக்குள் தண்ணீர் ஓடும், ஒட்சிசன் கிடைக்கும். நின்றால் மூச்சு நின்றது மாதிரி. அதனால் சட்டென்று திரும்ப வேண்டிய மூலைகள் கூடாது, நீண்டு வளைந்த ஓட்டம் வேண்டும். அப்புறம் வெப்பநிலை. நுவரெலியா, ஹோர்டன் சமவெளி ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீனைக் கொழும்பு வெக்கையில் ஒரு தொட்டியில் விட்டால் தாங்காது, குளிர்ந்த தண்ணீரில்தான் ஒட்சிசன் அதிகமாகக் கரையும். மொன்டரேயில் பிரச்சினை மறுபக்கம்: விரிகுடா தண்ணீர் இந்த மீன்களுக்குக் குளிர் அதிகம், ஆகவே அந்தத் தொட்டித் தண்ணீரைச் சூடாக்கித்தான் வைக்கிறார்கள்.

இந்தத் தொட்டியில்தான் 2004 செப்டெம்பரில் ஒரு குட்டி வெள்ளைச் சுறாவை விட்டார்கள். அதற்கு முன்னால் உலகத்தில் எந்தக் காட்சியகத்திலும் வெள்ளைச் சுறா 16 நாளுக்கு மேல் தங்கியதில்லை. சாப்பிடாது, சுவரில் மோதும், செத்துப்போகும் அல்லது அவசரமாகக் கடலில் விட வேண்டிவரும். 1980இல் சான்பிரான்சிஸ்கோவில், ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தின் வட்டத் தொட்டியில் ஒரு சுறா திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் போய் இடித்துக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்தால் அந்த இடத்தில் மிக மிகச் சின்ன மின்னழுத்த வேறுபாடு, ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. நமக்கு அது ஒன்றுமே இல்லை. சுறாவுக்கோ மூக்கைச் சுற்றி நுண்ணிய துவாரங்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் இருக்கும் ஜெல் வழியாக இரையின் தசைத் துடிப்பிலிருந்து வரும் மின்சாரத்தையே அது உணர்ந்துவிடும். ஆக, தொட்டி கட்டும்போது துருப்பிடிக்கிற ஒரு உலோகத் துண்டு எங்காவது மிஞ்சினாலும், அதிலிருந்து வரும் சின்ன மின்சாரம் சுறாவின் தலைக்குள் ஓயாத இரைச்சல்.

மொன்டரேக்காரர்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தார்கள். பிடித்ததும் தொட்டிக்குக் கொண்டுபோகாமல், முதலில் கடலிலேயே ஒரு பெரிய வலைக்கூண்டில் விட்டு, சாப்பிடுகிறதா என்று பார்த்தார்கள். அந்தக் குட்டி 198 நாள் இருந்தது. சுமார் 28 கிலோவில் வந்தது 70 கிலோவைத் தாண்டியது, கடைசியில் கூட இருந்த இரண்டு சுறாக்களைக் கடித்துக் கொன்றது, 2005 மார்ச்சில் கடலில் விட்டார்கள். 2011 வரை மொத்தம் ஆறு வெள்ளைச் சுறாக்கள். ஆறாவது, கடலில் விட்ட கொஞ்ச நேரத்தில் செத்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். சனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள், சுறாமேல் ஒரு அக்கறையும் பிறந்தது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் வளர வளரத் தொட்டிக்குள் அடங்காத ஒரு உயிரை அங்கே வைத்திருப்பதற்கு அந்த நன்மை போதாது. அதே 2011இல் தொட்டியைத் திருத்தி, பெயரையும் ‘திறந்த கடல்’ என்று மாற்றினார்கள். இன்றைக்கு அதில் சூரைகளும் ஆமைகளும், வெள்ளிப் பளபளப்போடு ஒன்றாகத் திரும்புகிற சாளைக் கூட்டமும். ஒரு காலத்தில் அதே இடத்தில் டின்னுக்குள் போன மீன்.

சரி, மீனை மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது என்ன? மீன் செவுள் வழியாக அமோனியா விடுகிறது, அது நஞ்சு. வடிகட்டியில் ஒட்டி வாழும் ஒரு வகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை அவ்வளவு கெடுதல் இல்லாத நைத்திரேற்றாக்கும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் பெருக வாரக்கணக்கில் ஆகும். இதற்குச் சாப்பாடே மீனின் கழிவுதான். ஆகவே எல்லா மீனையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் பக்டீரியா பட்டினி கிடந்து குறைந்துவிடும், பிறகு ஒரேயடியாகப் பெரிய மீன்களை இறக்கினால் அமோனியா மேலே ஏறும். சூரை மாதிரி ஓயாமல் ஓடுகிற மீன் சாப்பிடுவதும் அதிகம், கழிவும் அதிகம். அதனால்தான் கொஞ்சங் கொஞ்சமாக மாற்றுவார்கள், புதிதாக வருவதைத் தனித் தொட்டியில் வைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேர்ப்பார்கள். டோக்கியோவின் கசாய் கடல் பூங்காவில் 2014 கடைசியில் சூரை இனங்கள் சாகத் தொடங்கி, 160 அளவில் இருந்தவை 2015 மார்ச்சில் ஒன்றே ஒன்றானது. மறுபடி நிரப்பும்போது எடுத்த எடுப்பில் பெரிய சூரையை விடவில்லை, முதலில் வேறு மீன்களை விட்டுத் தொட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள்.

வீட்டில் சின்னத் தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். மீன் மாற்றுகிற அன்றைக்கு வடிகட்டி ஸ்பொஞ்சைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவாதீர்கள், குளோரின் பக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் இரண்டு தடவை பிழிந்தால் போதும்.